ஆறாயிரம் மைல்

“கொள்ளியை என்ரை மகன் வைக்கட்டும், மச்சாள். உங்கடை பெடியன் லண்டனிலையெல்லோ இருக்கிறான்,” என்றார் விசுவலிங்கம். சண்டிலிப்பாயில் இருந்த அண்ணன் வீட்டு முற்றத்துக்குப் பந்தல்காரனையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

“தந்தி அடிச்சாச்சு. அவன் வாறான்,” என்றாள் வள்ளிப்பிள்ளை.

“கப்பலிலை வர மூண்டு கிழமை!”

“பிளேனிலை வாறான். ஆறாயிரம் மைல். வழி வழியே இறங்கி எண்ணெய் போட்டுக் கராச்சிக்கு வர நாலு நாள், அங்கையிருந்து கொழும்புக்கு ரண்டு நாள்.” காலையிலிருந்து அந்தக் கணக்கைத்தான் அவள் மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆறு நாளைக்கு அண்ணையை இப்பிடியே கிடத்தி வைச்சிருக்கேலுமே? ஊர் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். என்ரை மனுசன் கிடப்பார். வேறை ஒருத்தரும் கொள்ளியைத் தொடக்கூடாது.”

விசுவலிங்கம் அவளை விட்டுவிட்டுப் பந்தல்காரனிடம் திரும்பினார். “நீ பந்தல் காலுக்குக் கிடங்கைக் கிண்டு.”

அலவாங்கின் இரும்பு முனை நிலத்தில் இறங்கியதும் அறைக்குள்ளிருந்து இருமல் கேட்டது. பிறகு குரல் வந்தது.

“டேய் விசுவலிங்கம்! நீ கணக்கிலை எப்பவும் மொக்கன். கொழும்பிலையிருந்து ரெயிலுக்கு இன்னொரு நாள் வேணும். ஏழாம் நாள் என்ரை பெடியனைக் கண்ணாலை பாத்திட்டுத்தான் போவன். நாடி பாத்து இண்டைக்குத் தாண்டாதெண்டு சொன்ன பரியாரியிட்டைப் போய்ச் சொல்லு. முதல் உந்தக் கிடங்கை மூடு. இஞ்சேர், கஞ்சியைக் கொண்டா!”