ஏட்டையாவின் நற்சான்று

மேற்கு மாம்பலத்தில் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டுக் கடைக்குள் போனவர், திரும்பி வந்து அதே சைக்கிளில் வீடு போய்ச் சேர்ந்தால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பார். அந்தப் பெருமையை ஊருக்குத் தேடித் தந்தவன் இசக்கிமுத்து.

பங்களாதேஷ் யுத்தம் முடிந்த சமயம். ராணுவ முகாமில் தோட்ட வேலைக்கு அவன் மனுப் போட்டிருந்தான். ஆள் யோக்கியன்தானா என்று விசாரிக்க வந்தவர் ஏட்டு வெள்ளைச்சாமி. அவனை மூன்று முறை உள்ளே தள்ளிய அதே வெள்ளைச்சாமி!

"இன்னாடா, திருந்திட்டியா?"

"சத்தியமா ஏட்டையா. பொண்டாட்டி மேல ஆணை!"

"அவள ஏன்டா இழுக்கிற? நல்லவன்னு எழுதிடறேன், போ."

இசக்கிமுத்து தடாலென்று காலில் விழுந்தான். "உங்களுக்கு இன்னா வேணும், சொல்லுங்க ஐயா."

"சீ! கை நீட்டற ஆளா நானு? எங்கினாச்சும் போய் நல்லா இரு."

விஷயம் பரவியது. கொடியில் காயும் துணியை உருவும் முருகையன், பித்தளைக் குழாய் கழற்றும் பொன்ராஜ் என்று வட்டாரத்துத் திலகங்கள் அத்தனை பேரும் முகாமுக்கு மனுப் போட்டார்கள். சலவைக்கு ஒருவன், சமையலுக்கு ஒருவன். எல்லோருமே உத்தமர்கள் என்று ஏட்டு எழுதித் தள்ளினார்.

"அங்கயும் போய்க் கைய வெச்சா?" என்று பயந்தாள் ஏட்டின் மனைவி சரோஜாதேவி.

"வெக்கட்டுமே! அது மிலிட்டரிக்காரன் தலைவலி. நம்ம கணக்குல வராது."

ஏட்டு ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. பென்ஷனை நம்பினால் மகள் ஜெயபாரதியின் கல்யாணம் நடக்காது. 'திருட்டை ஒழித்த வெள்ளைச்சாமி' என்று பெயரெடுத்துவிட்டால், அப்புறம் ஒரு நல்ல காவல் உத்தியோகம் தேடி வரும்.

பெயரெடுத்தார். ஓய்வு பெற்ற கையோடு உத்தியோகமும் தேடி வந்தது.

"ஒரு கிடங்குல திருட்டு தாங்க முடியல. உங்கள மாதிரி ஆள்தான் வேணும்" என்றார் ஆள் எடுக்க வந்த அதிகாரி. "ஆனா, பொருள் காணாமப் போனா உங்க சம்பளத்துல பிடிப்போம்."

"என் காவல்ல ஒரு துரும்பு அசையாது சார்!" என்று கையெழுத்துப் போட்டார் வெள்ளைச்சாமி. எந்த இடம் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

வேலையில் சேரும் நாளன்று இடத்தைச் சொன்னார்கள். பேயறைந்த முகத்தோடு சைக்கிளை மிதித்துப் போய் ராணுவ முகாமின் வாசலில் இறங்கியவரை, இசக்கிமுத்து வாயெல்லாம் பல்லாக ஓடி வந்து வரவேற்றான்.

"வாங்க ஏட்டையா! சைக்கிள இப்டிக் குடுங்க, நான் பாத்துக்கறேன்."