இருபது நிமிட மலைப்பாதை

மலைப்பகுதி சைக்கிள் பயணங்களுக்குப் பாதை வகுத்துக் கொடுப்பது மனைவியின் வேலை. மாலை ஆறானால் வரைபடத்தை விரித்துப் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள்.

"ஏரி வந்தாச்சு. மூச்சு வாங்குதா? மெல்ல மிதிங்க, நான் கூடவே இருக்கேன்ல."

பத்து நாளாக இதே கரிசனம். கணவனுக்கு வயிறு எரிந்தது. போனைப் பிடுங்கினான்.

"யாருய்யா நீ? எந்த மலையில நிக்கிறே?"

"என் ரூம்லதான்டா" என்றார், வேறு ஊரில் தனியாக இருக்கும் அவன் அப்பா. "முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் டாக்டர் தினம் இருபது நிமிஷம் மிதிக்கச் சொன்னாரே, அந்த நகராத சைக்கிள். வலிக்குதுன்னு தொடாமலே கிடந்தேன். மருமக வழி சொல்லச் சொல்ல, வலியே தெரியல."

"எங்கிட்ட கேட்டா நான் சொல்லமாட்டேனாப்பா?"

"நீயா? முதல் வளைவுலயே பள்ளத்தாக்குல தள்ளிடுவே. அவகிட்ட குடு, ஏரி தாண்டணும்."

கொடுத்தான். வயிற்றெரிச்சல் மட்டும் குறையவில்லை.