சாட்சி ஃபைல்

ஜெனிட்டா லேப்டாப்பை சர்வீஸ் கடை மேஜையில் வைத்தாள். “என் புருஷன் என்னை அடிச்சப்போ ரெக்கார்ட் பண்ணின ஆடியோ இதுல இருக்கு. பாதியில லேப்டாப் ஆஃப் ஆயிடுது. இன்னும் ஒரு மணி நேரத்துல கோர்ட்ல போட்டுக் காட்டணும், தம்பி.”

கடைக்காரன் சர்புதீன் மெமரியை மாற்றிப் போட்டு, ரெக்கார்டிங்கை ஓடவிட்டான். இப்போது ஆஃப் ஆகவில்லை. ஆனால் அடிவிழும் சத்தம் இருக்க வேண்டிய இடத்தில் அவள் குரல் நிதானமாகச் சொன்னது: “வழுக்கி விழுந்துட்டேன்.”

“நான் அப்படிச் சொல்லவே இல்லையே!”

“ஃபைல் கெட்டுப்போன இடத்தை லேப்டாப்ல இருக்குற ஏஐ தானாவே நிரப்பிடும்கா. நீங்க அடிக்கடி பேசுறதுலேருந்து எடுத்து.”

“பழையதை எடுத்துக் குடு.”

“அது போயிடுச்சுக்கா. அதுமேலேயே இதை எழுதிடுச்சு.”

ஜெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். இதே லேப்டாப்பில் அம்மாவோடும் ஆபீஸோடும் பேசிய வீடியோ கால்களில், ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அவள் சொன்னது அதைத்தான்.