நிலாவில் அடைத்த வால்வு

நிலாக் குடியிருப்புக்குத் தன்னாட்சி கொடுத்து சில வருஷம் ஆகிறது. தண்ணீர்க் குழாயின் பெரிய வால்வை மட்டும் பூமி அரசாங்கம் தன் கையில் வைத்துக்கொண்டது. தங்கள் பனிக்கட்டியைத் தாங்களே விற்போம் என்று போன வாரம் குடியிருப்பில் தீர்மானம் போட்டார்கள். அதை வாபஸ் வாங்கும்வரை வால்வை அடைக்கச் சொல்லி, கூலிக்காரனான என்னைக் கப்பலேற்றி அனுப்பினார்கள்.

குடியிருப்பில் குழாய் வேலை பார்க்கிற ஞானசௌந்தரிதான் எதிரில் வந்தாள். உத்தரவை எழுத்துக் கூட்டி வாசித்தேன். முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள்.

வால்வு இறுகிக் கிடந்தது. எவ்வளவு முக்கியும் அசையவில்லை.

“பூமியில உங்களுக்குச் சோறு போடுறதில்லையாண்ணே?” என்றாள்.

எரிச்சலில் சுத்தியலை ஓங்கினேன். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடிக்காதீங்கண்ணே! தண்டு முறிஞ்சா அப்புறம் திறக்கவே முடியாது. உள்ளே பிள்ளைகுட்டியோட இருக்கோம்.”

அவளே தண்டுக்கு எண்ணெய் விட்டாள். நீள ஸ்பேனரை இரண்டு பேரும் சேர்ந்து பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினோம். குழாயில் ஓடிய சத்தம் மெலிந்து நின்றுபோனது.

“திறக்கிறவரைக்கும் நீங்களும் இங்கேதானே காவல் இருக்கணும்? குடிதண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள்.

கப்பலில் எனக்கென்று ஒரு தொட்டி நிறைய இருக்கிறது. குனிந்த தலை நிமிராமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

“வீட்டுல ரெண்டு குடம் பிடிச்சு வச்சிருக்கேன். கூச்சப்படாம வாங்கண்ணே” என்றாள்.