உறவினர் எவரேனும் உளரா

'இல்லை' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

படிவத்தில் அது ஏழாவது கேள்வி. தேர்வுக் குழுவில் தங்கள் உறவினர் எவரேனும் உளரா?

பத்து நிமிடத்துக்கு முன்புதான் அவன் மாடிப்படி ஏறிப் போனான். டெல்லியிலிருந்து ஒரு வல்லுநர் வருகிறார் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். பெயர் சொல்லும் வழக்கமில்லை. அது அவன்தான்.

இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு படி தவறியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

அடுத்த வியாழக்கிழமை குடும்பநல நீதிமன்றத்தில் கடைசி வாய்தா. இருவரும் சேர்ந்து கேட்ட விவாகரத்து.

ஒன்பது நாள் கழித்து உண்மையாகப் போவதை இன்றே எழுதினாள். அவ்வளவுதான்.

பெஞ்சில் பக்கத்தில் இருந்தவன் அவளுடைய கோப்பின் தடிமனைப் பார்த்தான். அவனும் நேர்காணலுக்கு வந்தவன்தான்.

"இதே போஸ்டுக்கு முன்னாடியும் வந்திருக்கீங்களா மேடம்?"

"இது நாலாவது தடவை."

"அடேங்கப்பா. வாட்ச்மேனுக்கு அடுத்து நீங்கதான் சீனியர் போல."

அவளுக்கும் சிரிப்பு வந்தது.

செயற்கை நுண்ணறிவும் பொதுக்கொள்கையும். இணைப் பேராசிரியர். ஓர் இடம்.

முதல் முறை வழக்கு வந்து நின்றது. இரண்டாம் முறை தேர்தல். மூன்றாம் முறை கையெழுத்திடத் துணைவேந்தரே இல்லை. பதினோரு வருடமாக இங்கே அவள் கௌரவ விரிவுரையாளர். விரல் ரேகை பதியவில்லை என்று ரேஷன் கடை இயந்திரம் திருப்பி அனுப்பிய நானூறு பேரின் வீட்டுக்கு நடந்து போய் ஆய்வு செய்தவள். இந்தப் பாடத்திட்டத்தை எழுதியதும் அவள்தான்.

அவனுக்கு டெல்லியில் வேலை கிடைத்தபோது, வந்துவிடு என்றான்.

பொறு, இந்த வேலை வந்துவிடும் என்றாள்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அவன் கேட்டான். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள் அதையே சொன்னாள். பிறகு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான்.

கதவு திறந்தது. பிரிவுக் கண்காணிப்பாளர் ஜெசிந்தா வந்தார். அவளை மட்டும் ஜன்னல் பக்கம் அழைத்தார்.

கையில் இரண்டு படிவங்கள். ஒன்று அவளுடையது. இன்னொன்று குழு உறுப்பினர்கள் நிரப்பித் தருவது.

அதிலும் ஒரு கேள்வி இருந்தது. விண்ணப்பதாரர்களில் தங்கள் உறவினர் எவரேனும் உளரா?

ஆம்.

உறவுமுறை: மனைவி.

அவன் கையெழுத்து. வலப்பக்கம் சாயும் எழுத்து.

அவள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விதி என்றால் அவனுக்கு விதி. நூலகப் புத்தகத்தில் பென்சில் கோடு போட்டுவிட்டதற்கு மன்னிப்புக் கடிதம் எழுதியவன். அடிக்குறிப்புக்கும் அடிக்குறிப்பு போடுகிறவன்.

ஆனால் குறிப்பு எழுத விட்டிருந்த இடத்தில் விவாகரத்து வழக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வெறும் மனைவி.

"சார் வெளிய வந்துட்டா வல்லுநர் ஒருத்தர்தான் மிச்சம்" என்றார் ஜெசிந்தா. "ரெண்டு பேர் இல்லாம குழு செல்லாது. மாசக் கடைசியோட அறிவிப்பும் செத்துரும். மறுபடி எந்தக் காலத்துல போடுவாகளோ."

"இல்லைன்னு இருந்தா?"

"ஒங்களது நின்னா அவுக தன்னோடத மாத்தி எழுதணும். எழுதுவாகளான்னு எனக்குத் தெரியாது."

ஜெசிந்தா அவர்கள் கல்யாணத்துக்கு வந்தவர். பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கியவர்.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எது நெசம்னு நான் கேக்கல மேடம். எத வச்சுக்கிடட்டும்?"

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார்கள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும். அவளிடம் படித்த இரண்டு பேர் இப்போது வேறு ஊரில் பேராசிரியர்கள்.

ஒரு சொல்லை அடித்தால் போதும். அவன் எழுந்து வெளியே வருவான். இந்த ஜன்னல் ஓரமாகத்தான் வரவேண்டும்.

வந்து என்ன சொல்வான்?

தெரியவில்லை. அது அவளுக்குத் தெரியவே இல்லை.

"என்னோடது இருக்கட்டும்க்கா" என்றாள்.

ஜெசிந்தா இரண்டு படிவங்களையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார். பிறகு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

பெஞ்சுக்குத் திரும்பினாள். கோப்பை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவன் ஏதோ கேட்டான். அவள் காதில் விழவில்லை.

மாற்றமாட்டான் என்று ஒரு நிமிடம் நினைத்தாள்.

மாற்றிவிடக் கூடாது என்று அடுத்த நிமிடம் நினைத்தாள். நினைத்ததும் பயமாக இருந்தது. இவ்வளவு வருடம் கழித்து, இந்த வேலை வேண்டாம் என்று தோன்றிய ஒரே நிமிடம் அது.

எழுந்தாள். கதவை நோக்கி நான்கு அடி வைத்திருப்பாள்.

கதவு உள்ளிருந்து திறந்தது.

ஜெசிந்தாதான். அவனுடைய படிவத்தை அவள் பார்க்கும்படி திருப்பிப் பிடித்தார்.

'ஆம்' என்பதன் மேல் ஒரு கோடு. 'மனைவி' என்பதன் மேல் ஒரு கோடு. இரண்டும் நேர்கோடு, அளவுகோல் வைத்ததுபோல. பக்கத்தில் சுருக்கொப்பம். இன்றைய தேதி.

கீழே, புதிதாக: இல்லை.

"உள்ள வாங்க மேடம்."

நீள மேசை. ஐந்து பேர். ஓரத்து நாற்காலியில் அவன். முன்னால் இருந்த தேநீரில் ஆடை படிந்திருந்தது.

அவள் உட்கார்ந்தாள். துணைவேந்தர் அவன் பக்கம் தலையசைத்தார்.

"டெல்லி சாரே ஆரம்பிக்கலாமே."

அவன் அவளுடைய கோப்பைத் திறந்தான். முதல் பக்கத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க, மேடம்."