பதினெட்டு ஆயிடுச்சா?

கடையின் கீழ்த்தட்டிலிருந்து மது பாட்டிலை எடுத்த பெரியவர் விலைச்சீட்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

கண்ணாடிமேல் குற்றமில்லை. நேற்று இருந்த விலையைப் போல இரண்டு மடங்கு.

தட்டுக்கு மேலே புது அறிவிப்பு தொங்கியது. இனி எந்த மதுவையும் அரசு வைத்த குறைந்தபட்ச விலைக்குக் கீழே விற்கக் கூடாதாம். மக்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டுமாம்.

மேல்தட்டில் இருந்த விலை கூடிய பாட்டில்களுக்கு ஒரு காசுகூட ஏறவில்லை. அடி விழுந்ததெல்லாம் கீழ்த்தட்டுக்குத்தான்.

லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தாறு வருடம் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர் அவர். மனைவி போய்ச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து காலை பத்து மணிக்கு ஒரு ரொட்டி, அரை லிட்டர் பால், கடையிலேயே மலிவான ஒரு சின்ன பாட்டில். மூன்றும் பையில் விழுந்தால்தான் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி.

அந்தக் கடையில் பில் போட ஆள் கிடையாது. வாசலோரம் ஆறு இயந்திரங்கள். நாமே பொருளைக் காட்டி, நாமே பணம் கட்டிவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

மது என்றால் மட்டும் இயந்திரம் முரண்டு பிடிக்கும். அதன் தலையில் மஞ்சள் விளக்கு எரியும். கடைப் பெண் வந்து, வயதைப் பார்த்து, தன் அட்டையை ஒற்றினால்தான் வழிவிடும். எழுபத்தொரு வயது வழுக்கையைப் பார்த்த பிறகும் அதற்குச் சந்தேகம் தீராது.

அவளும் தினமும் விடாமல் கேட்பாள்.

"ஐயா, பதினெட்டு ஆயிடுச்சா?"

"போன வாரம்தாம்மா ஆச்சு."

அதே பழைய ஜோக்தான். இரண்டு பேரும் புதிதாகக் கேட்டதுபோல் சிரிப்பார்கள்.

இன்று பாட்டிலும் கையுமாக நின்று மனக்கணக்குப் போட்டார். ரொட்டியை விட்டால்? மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால்? எப்படி இழுத்துப் பார்த்தாலும் ஓய்வூதியம் மாதக் கடைசிவரை எட்டவில்லை.

பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தார். கை நடுங்கியது. பக்கத்தில் நின்ற ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுத் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

ரொட்டியையும் பாலையும் இயந்திரத்தில் காட்டினார். விளக்கு எரியவில்லை. அது நன்றி சொல்லிச் சீட்டை நீட்டியது.

அவர் நகராமல் நின்றார்.

மூன்று இயந்திரம் தள்ளி வேறு யாருக்கோ அட்டையை ஒற்றிக்கொண்டிருந்த கடைப் பெண், அவருடைய பையை எட்டிப் பார்த்தாள். அவள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஐயா, விட்டுட்டீங்களா! எங்கண்ணன் இப்படி விட்டிருந்தா இன்னைக்கு உயிரோட இருந்திருப்பான். இனிமே அந்தப் பக்கமே போயிடாதீங்க!"

நான்கு மாதத்தில் அவள் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் சேதி அது. கண் கலங்கி நிற்பவளிடம் வேறென்ன சொல்ல முடியும்? தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் ரொட்டியை மேசைமேல் வைத்துவிட்டுச் சமையலறை அலமாரியைத் திறந்தார்.

மனைவி பாத்திரம் அடுக்கிய மூன்று தட்டிலும் சின்ன பாட்டில்கள், வாங்கிய வரிசையிலேயே நின்றன. ஒன்றின் மூடிகூடத் திருகப்படவில்லை. வாலிபத்திலிருந்தே அவருக்கு அந்த வாடை ஆகாது.

நாளைக்கும் விளக்கு எரியாது. நாளை மறுநாளும் எரியாது. விளக்கு எரியாவிட்டால் அவளும் பக்கத்தில் வந்து கேட்கமாட்டாள்.

முன்வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து மூடியைத் திருகினார்.

"போன வாரம்தாம்மா ஆச்சு," என்று யாரும் கேட்காமலே சத்தமாகச் சொல்லிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு விழுங்கினார்.