பிடிபட்ட பூச்சிமருந்து

மனிதகுலத்துக்கு ஒரு மகத்தான அறிவிப்பு: எண்ணெயில் பதுங்கியிருந்த பூச்சிமருந்தை ஆய்வகத் தலைவர் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்!

எண்ணெய் ஆலைக்காரர் கையைப் பிசைந்தார். "மருந்தே அடிக்காத விதைங்கய்யா."

"மெஷின் பொய் சொல்லுமா? ஊரையே கொல்லப் பாத்தீங்களே! மொத்தத்தையும் கொட்டுங்க!"

மறுநாள் ஆலைக்காரர் வந்து கும்பிட்டார். "கொட்டிட்டேன்யா. என் பிள்ளைங்களும் அதைத்தான் சாப்பிட்டாங்க. நல்லவேளை, காப்பாத்தினீங்க."

தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். உதவியாளர் அவர் காதோரம் குனிந்தாள். "சார், ஒப்பிட்டுப் பாக்க எண்ணெயே ஊத்தாம ஒரு குப்பி வச்சோமே, அதுலயும் அதே மருந்து இருக்கு."

மேசைக்கடியில் இருந்த ஸ்பிரே டப்பாவைத் தலைவர் காலால் உள்ளே தள்ளினார். நேற்றுக் காலை சோதனைக்கு முன்னால், கரப்பான்பூச்சிக்காக அறை முழுக்க அடித்தவர் அவர்தான்.

கும்பிட்ட கையை இறக்காத ஆலைக்காரரை அவரால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

கரப்பான்பூச்சியும் சாகவில்லை.